துருக்கியின் ஜிதே: காடு வளர்கிறது, ஊர் குறைகிறது

2021-ஆம் ஆண்டு கோடையில் துருக்கியின் காடுகள் இரண்டு முறை உலகச் செய்தியாயின. ஜூலை இறுதியில் தெற்கே மத்தியதரைக் கடலோரம் மனவ்காட், மர்மாரிஸ் பகுதிகளின் பைன் காடுகள் பற்றி எரிந்தன. அந்தத் தீ முழுமையாக அடங்கும் முன்பே, ஆகஸ்ட் 11 அன்று வடக்கே கருங்கடலோர மலைகளில் பெருமழை கொட்டியது. மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் 80-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் கஸ்தமோனு மாகாணத்தைச் சேர்ந்தவர்கள்.

அந்த மாகாணத்தின் வடமேற்கு மூலையில், காட்டுக்கும் கடலுக்கும் நடுவே அமைந்திருக்கும் நிர்வாகப் பகுதிதான் ஜிதே. வெள்ளத்தின் கோரம் அதிகம் தாக்கிய ஊர்கள் இதற்குக் கிழக்கே இருந்தன. ஆனால் அதே மலைத்தொடர், அதே மழை, அதே குறுகிய பள்ளத்தாக்குகள்தான் இங்கும். கருங்கடலின் மேற்குக் கரையில் காடும் ஆறும் மனிதர்களும் எப்படிப் பிணைந்திருக்கிறார்கள் என்பதையும், அந்தப் பிணைப்பு எங்கே தளர்ந்துவருகிறது என்பதையும் அறிய ஜிதே பொருத்தமான இடம்.

துருக்கியின் நிர்வாக அமைப்பில் மாகாணத்துக்கு அடுத்த அலகு 'இல்ச்சே' எனப்படுகிறது. ஆங்கிலத்தில் இதை மாவட்டம் என்று குறிப்பிட்டாலும், இந்தியர்கள் இதைத் தாலுகா அளவிலான பகுதி என்று கொள்வதே சரியாக இருக்கும். ஜிதேயின் மொத்த மக்கள்தொகை சுமார் 22 ஆயிரம். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கடலோரச் சிறுநகரான ஜிதேயில் வசிக்கின்றனர். மற்றவர்கள் மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கும் கிராமங்களில் வாழ்கின்றனர். பல கிராமங்கள் ஒரே தொகுப்பாக இல்லாமல், சரிவுக்கு ஒன்றாகப் பிரிந்த சில வீடுகளின் கூட்டங்களாகவே இருக்கின்றன.

மலை தடுத்த சாலை

கருங்கடலின் தெற்குக் கரைக்கு இணையாக, கடலை ஒட்டியே கூரே மலைத்தொடர் நீள்கிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளில் மோதி ஆண்டு முழுவதும் மழையாகப் பொழிகிறது. இந்தியாவில் இருப்பது போல மழைக்காலம், வறண்ட காலம் என்ற தெளிவான பிரிவு இங்கு இல்லை. கரையோரத்தில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, கோடையிலும் பெய்கிறது. மலைத்தொடருக்குத் தெற்கே, அங்காராவை நோக்கிச் செல்லச் செல்ல நிலம் வறண்டு புல்வெளியாக மாறிவிடுகிறது. வடக்குச் சரிவிலோ பீச், ஓக், செஸ்ட்நட், ஃபிர் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. நாட்டின் பரப்பில் காடுகளின் பங்கு 30 விழுக்காட்டை ஒட்டியே இருக்க, கஸ்தமோனு மாகாணத்தில் அது மூன்றில் இரண்டு பங்கு.

மழை மட்டும் இந்தக் காட்டைக் காத்துவிடவில்லை. சாலை வராததும் ஒரு காரணம். கிழக்குக் கருங்கடலில் சாம்சுனிலிருந்து ஜார்ஜிய எல்லை வரை கடலைத் தூர்த்தும் கரையை அறுத்தும் இருவழிப் பெருஞ்சாலை அமைக்கப்பட்டு 2007-இல் நிறைவு பெற்றது. அங்கே பல ஊர்களுக்கும் கடலுக்கும் இடையே இன்று அந்தச் சாலைதான் கிடக்கிறது. மேற்குக் கரையில், அமஸ்ராவுக்கும் சினோப்புக்கும் இடையே அப்படியொரு சாலை இல்லை. மலையின் மடிப்புகளில் ஏறியும் இறங்கியும் வளைந்தும் செல்லும் குறுகிய பாதைதான் உண்டு. அமஸ்ராவிலிருந்து ஜிதேவுக்கு வரைபடத்தில் தெரியும் தூரம் சொற்பம். பயண நேரம் அப்படியல்ல. மாகாணத் தலைநகர் கஸ்தமோனுவுக்குச் செல்லவும் மலைத்தொடரைக் கடந்தாக வேண்டும்.

சுற்றுலாக் கையேடுகள் இந்தக் கரையோரப் பாதையைத் துருக்கியின் மிக அழகிய பாதைகளுள் ஒன்றாகப் போற்றுகின்றன. நள்ளிரவில் நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய குடும்பத்துக்கு அதே வளைவுகள் வேறு பொருள் தரும்.

ஹோமர் அறிந்த கரை

சாலை எட்டாத இந்த இடத்தைக் கடல் எப்போதும் எட்டியிருக்கிறது. கிரேக்கப் பெருங்காப்பியமான இலியட்டின் இரண்டாம் பகுதியில், டிராய் நகருக்குத் துணைநின்ற பாஃப்லகோனியர்களின் ஊர்களைப் பட்டியலிடும் இடத்தில் கிடோரோஸ், ஐகியலோஸ் ஆகிய பெயர்கள் வருகின்றன. கிடோரோஸ் என்பது ஜிதேவுக்கு மேற்கே உள்ள இன்றைய கிதெரோஸ் விரிகுடா. ஐகியலோஸ் என்றால் கிரேக்கத்தில் கடற்கரை. அது ஜிதேயின் நீண்ட கூழாங்கல் கரையைக் குறிக்கிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. புவியியலாளர் ஸ்ட்ராபோ அந்தக் கரையின் நீளம் 100 ஸ்டேடியாவுக்கும் அதிகம், அதாவது ஏறத்தாழ 18 கிலோமீட்டர் என்று எழுதிவைத்தார். இன்று ஜிதேயின் கடற்கரையாகக் கருதப்படுவது சுமார் 10 கிலோமீட்டர்.

கிதெரோஸ் ஒரு சிறிய விரிகுடா. இரு பக்கமும் பாறைகள் நெருங்கி வந்து வாயை ஏறக்குறைய மூடிவிடுவதால் உள்ளே நீர் குளம்போல அசையாமல் கிடக்கும். கருங்கடலின் வடமேற்குக் காற்று சீறும்போது படகுகள் ஒதுங்க, பாறைச் சரிவுகள் நிறைந்த இந்தக் கரையில் இத்தகைய இடங்கள் அரிது. சினோப்பிலிருந்த கிரேக்கர்கள் இங்கு வாணிபத் தலம் நடத்தியதற்கு அதுவே காரணமாக இருந்திருக்கும்.

அவர்கள் இங்கிருந்து பெற்ற பொருள்களில் புகழ்பெற்றது மரம். பாக்ஸ்வுட் எனப்படும் சிற்றிலைக் குறுமரத்தின் மிகச் சிறந்த வகை கிடோரோஸைச் சுற்றி வளர்வதாக ஸ்ட்ராபோ குறிப்பிடுகிறார். ரோமானியக் கவிஞர் கட்டல்லஸும் தம் கப்பல் கவிதையில் கிடோரோஸ் மலையை இந்த மரத்தோடு சேர்த்தே பெயர் சொல்கிறார். இதன் கட்டை மஞ்சள் நிறமும் இறுக்கமான இழையும் கொண்டது. தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது. சீப்பு, கரண்டி, இசைக்கருவி என்று நுணுக்கமாகச் செதுக்கும் வேலைகளுக்கு ஏற்றது. துருக்கியில் 'ஷிம்ஷிர்' என்று வழங்கும் இந்த மரம் இன்றும் கூரே மலைக் காடுகளின் நிழலில் வளர்கிறது. கிழக்காசியாவைச் சேர்ந்த ஒரு அந்துப்பூச்சியின் புழுக்கள் இப்போது அதன் இலைகளைத் தின்று தீர்க்கின்றன. 2011-இல் இஸ்தான்புல்லில் முதன்முறையாகக் காணப்பட்ட அந்தப் பூச்சி பின்னர் கருங்கடல் காடுகளுக்கும் பரவிவிட்டது.

2009 முதல் 2011 வரை பிரிட்டனின் கிளாஸ்கோ, நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகங்களின் தொல்லியலாளர்கள் ஜிதே பகுதியில் கள ஆய்வு நடத்தினர். அடர்ந்த காட்டில் தொல்பொருள் தேடுவது எளிதன்று. உழுத நிலத்தில் கண்ணில் படும் பானையோடு இங்கு இலைச் சருகுக்கு அடியில் மறைந்திருக்கும். ஆயினும் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் இங்கு வந்துபோனதற்கான தடயங்களை அவர்கள் பதிவு செய்தனர். மனிதர் கை படாத காடு என்று சுற்றுலா விளம்பரங்கள் சொல்வதை அந்தத் தடயங்கள் மறுக்கின்றன.

யாருடைய காடு?

துருக்கியின் காடுகள் ஏறத்தாழ முழுவதும் அரசுக்குச் சொந்தமானவை. 1937-ஆம் ஆண்டின் வனச் சட்டம் அதற்கு அடித்தளமிட்டது. 1945-இல் தனியார் காடுகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. இன்று நடைமுறையில் இருப்பது 1956-ஆம் ஆண்டுச் சட்டம். அரசின் வனப் பரப்பைக் குறைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு 1982-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 169-ஆம் பிரிவில் உள்ளது. ஆனால் காட்டின் தன்மையை இழந்துவிட்டதாகக் கருதப்படும் நிலங்களுக்கு அதே பிரிவு விலக்கும் அளிக்கிறது.

காட்டுக்குள்ளும் காட்டோரத்திலும் வசிப்போருக்கு அங்கு 'வனக் கிராமத்தார்' என்ற சட்டபூர்வ அடையாளம் உண்டு. காடு அவர்களுக்குச் சொந்தமன்று. ஆனால் வனத்துறை குறித்துக் கொடுக்கும் மரங்களை வெட்டி, இழுத்து, சாலையோரம் அடுக்கும் வேலையில் அவர்களுக்கும் அவர்களது கூட்டுறவுச் சங்கங்களுக்கும் முன்னுரிமை தரப்படுகிறது. கூலி வெட்டிய மரத்தின் கன அளவுக்கேற்பக் கணக்கிடப்படுகிறது. வீடு கட்டத் தேவையான மரமும் குளிர்காலத்துக்கான விறகும் சலுகை விலையில் கிடைக்கின்றன. செங்குத்தான சரிவுகளில் மரம் இழுக்கும் இந்த வேலை ஆபத்து நிறைந்தது. வருமானம் பருவத்தைப் பொறுத்தது. செஸ்ட்நட் பூக்கும் காலத்துத் தேன், கொஞ்சம் ஹேசல்நட், வீட்டுக்கு ஒன்றிரண்டு மாடு, கரையோர ஊர்களில் மீன்பிடி, கோடைச் சுற்றுலா ஆகியவை மீதியை ஈடுகட்டுகின்றன.

2000-ஆம் ஆண்டில் கூரே மலைகளின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கஸ்தமோனு, பார்டின் ஆகிய இரு மாகாணங்களில் பரவியுள்ள அதன் மையப் பகுதி 37 ஆயிரம் ஹெக்டேருக்கும் அதிகம். உலக இயற்கை நிதியம் ஐரோப்பாவில் உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் 100 காடுகளைப் பட்டியலிட்டபோது, துருக்கியிலிருந்து இடம்பெற்ற ஒன்பதில் இதுவும் ஒன்று. பழுப்புக் கரடி, ஓநாய், சிவிங்கிப் பூனை, செம்மான் ஆகியவை இங்கு வாழ்கின்றன. சுண்ணாம்புப் பாறை மலைகள் என்பதால் நீர் பாறையைக் கரைத்துக் குகைகளையும் ஆழ்ந்த பிளவுகளையும் உருவாக்கியிருக்கிறது. ஜிதேவுக்குத் தெற்கே உள்ள வல்லா பள்ளத்தாக்கு அவற்றில் பெரியது. அனுபவமற்றோர் அதன் அடித்தளத்தில் இறங்கி உயிரிழந்த நிகழ்வுகளும் உண்டு.

லோச் பள்ளத்தாக்கின் மஞ்சள் முக்காடு

வல்லா பள்ளத்தாக்கிலிருந்து வெளிப்படும் தெவ்ரேகானி ஆறு, கடலைச் சேரும் முன் லோச் என்ற அகன்ற பள்ளத்தாக்கைக் கடக்கிறது. மலைகளுக்கு நடுவே சோளமும் காய்கறியும் விளையும் சமதளம் அது. 2000-களின் இறுதியில் அங்கு ஒரு நீர்மின் திட்டம் வந்தது. ஜிதே துருக்கிச் செய்தித்தாள்களில் அதிகம் அடிபட்டது அப்போதுதான்.

அந்தத் திட்டத்தைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 2001-இல் மின்சாரச் சந்தைச் சட்டம் தனியாருக்கு வழிதிறந்தது. 2003 முதல், ஆற்று நீரை மின் உற்பத்திக்குப் பயன்படுத்தும் உரிமையை நிறுவனங்கள் 49 ஆண்டுகள் வரை பெற முடிந்தது. கருங்கடல் பகுதியின் சிற்றாறுகள் மீது நூற்றுக்கணக்கான திட்டங்கள் தீட்டப்பட்டன. இவற்றில் பெரும்பாலானவை பெரிய அணைகள் அல்ல. மேலே ஓரிடத்தில் ஆற்றைத் தடுத்து, நீரைக் குழாயிலோ சுரங்கத்திலோ பல கிலோமீட்டர் கொண்டுசென்று, கீழே விசையாழியில் விழச் செய்து, பிறகு ஆற்றிலேயே திருப்பி விடுவார்கள். நீர் செலவாவதில்லை என்பது நிறுவனங்களின் வாதம். அது உண்மையும்கூட. ஆனால் எடுக்கும் இடத்துக்கும் விடும் இடத்துக்கும் இடையே ஆறு என்ன ஆகும் என்பதுதான் கிராமத்தினரின் கேள்வி. அந்தத் தொலைவுக்கு ஆற்றில் விட்டுவைக்க வேண்டிய குறைந்தபட்ச நீரைத் துருக்கியில் 'உயிர்நீர்' என்கிறார்கள். கடந்த பத்தாண்டுச் சராசரி ஓட்டத்தில் 10 விழுக்காடு என்பது விதி. பெயரில் உயிர் இருந்தாலும், மீனும் வயலும் கிணறும் அந்த அளவில் பிழைக்கும் என்று லோச் மக்கள் நம்பவில்லை.

2010 இறுதியில் அவர்களது போராட்டம் இஸ்தான்புல்லுக்குச் சென்றது. திட்ட நிறுவனத்தின் அலுவலகம் இருந்த கட்டடத்தின் முன், குளிர்காலத் தெருவில், லோச் பெண்கள் ஜிதேயின் பாரம்பரிய மஞ்சள் முக்காடு அணிந்து நாள்கணக்கில் அமர்ந்தனர். 'சாரி யாஸ்மா' என்ற அந்த அச்சிட்ட மஞ்சள் துணி ஜிதேயின் அடையாளம். அதன் பெயரில் ஆண்டுதோறும் விழாவும் நடக்கும். போராட்டக்காரர்களை 'மஞ்சள் முக்காட்டுக்காரர்கள்' என்றே பத்திரிகைகள் அழைத்தன. மறுபுறம் வழக்கும் நடந்தது. நீதிமன்ற உத்தரவால் பணிகள் நிறுத்தப்பட்டன. கருங்கடலில் பல பள்ளத்தாக்குகள் இத்தகைய வழக்குகளில் தோற்றிருக்கின்றன. லோச்சில் ஆறு இன்றும் ஓடுகிறது.

ஒரு கருங்கடல் கிராமம் இஸ்தான்புல் தெருவில் எப்படி இத்தனை நாள் தாக்குப்பிடித்தது? விடை எளிது: அந்தக் கிராமத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே இஸ்தான்புல்லில்தான் இருந்தது.

இஸ்தான்புல்லில் இன்னொரு கஸ்தமோனு

கஸ்தமோனுவைப் பூர்வீகமாகப் பதிவு செய்தோரில், அந்த மாகாணத்தில் வசிப்போரைவிட இஸ்தான்புல்லில் வசிப்போரே அதிகம். 1950-கள் முதல் தொடங்கிய இடப்பெயர்வின் விளைவு இது. மரம் வெட்டும் கூலியும் சரிவில் விளையும் சோளமும் பெரிய குடும்பத்தைத் தாங்கவில்லை. கடலோர ஆண்கள் கப்பல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் சென்றனர். பிறகு குடும்பங்களை அழைத்துக்கொண்டனர். ஊர்ப்பெயர் தாங்கிய சங்கங்கள் இஸ்தான்புல்லில் தோன்றின. திருமணம், வேலை, வழக்கு, இறுதிச் சடங்கு என அனைத்துக்கும் அவையே துணை.

போனவர்களில் இளையோர் அதிகம் என்பதால் எஞ்சியவர்களின் வயது கூடியது. துருக்கியில் 65 வயதைக் கடந்தவர்கள் 100-க்குச் சுமார் 10 பேர். கஸ்தமோனுவில் அது ஏறக்குறைய இரு மடங்கு. நாட்டிலேயே முதியோர் விகிதம் மிக அதிகமாக உள்ள மாகாணங்களில் இதுவும் அண்டை மாகாணமான சினோப்பும் இடம்பெறுகின்றன. மாணவர் குறைந்த சிற்றூர்ப் பள்ளிகளை மூடிவிட்டு, பிள்ளைகளை வாகனத்தில் மையப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் முறை 1990-கள் முதல் நாடெங்கும் பரவியது. பள்ளி மூடியதும் இளம் பெற்றோர் ஊரில் தங்க இருந்த கடைசிக் காரணங்களில் ஒன்றும் போயிற்று.

விளைவு காட்டில் தெரிகிறது. உழாத வயலில் முதலில் முட்புதர் வரும், பிறகு ஹேசல், பிறகு மரம். இத்தனை மழை பெய்யும் இடத்தில் அதற்கு அதிக காலம் பிடிப்பதில்லை. வனப் பரப்பு கூடுவதைக் காட்டும் புள்ளிவிவரங்களில் கைவிடப்பட்ட வயல்களும் சேர்ந்தே இருக்கின்றன. கரடிகளும் காட்டுப்பன்றிகளும் வீட்டுக்கு அருகே வருகின்றன. தேனீப் பெட்டிகளுக்கும் சோளத்துக்கும் காவல் இருக்க ஆளில்லை. மரம் வெட்டும் வேலைக்குப் போதிய உள்ளூர்க் கைகள் இல்லாதபோது கூட்டுறவுச் சங்கங்கள் வெளியாட்களை நம்ப வேண்டியிருக்கிறது.

இந்தப் பகுதியின் மனிதர்களை எழுத்தில் பதித்தவர் ரிஃபத் இல்காஸ். 1911-இல் ஜிதேயில் பிறந்த ஆசிரியர், கவிஞர், நகைச்சுவை எழுத்தாளர். அவரது 'ஹபாபாம் வகுப்பு' 1957-இல் நூலாகி, 1975-இல் திரைப்படமாகி, துருக்கியில் தலைமுறைகள் கடந்து சிரிக்க வைத்தது. அவரது வாழ்வில் சிரிப்பு குறைவு. 1944-இல் வெளியான கவிதை நூல் தடை செய்யப்பட்டது, அவர் சிறை சென்றார். முதுமையில் ஊர் திரும்பியவரை, 1980 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்பைத் தொடர்ந்து, 70-ஐ எட்டிய வயதில் ஜிதேயில் வைத்தே கைது செய்தனர். 1993-இல் மறைந்தார். அவர் தம் வாழ்வைத் தழுவி எழுதிய நாவலின் பெயரும் 'சாரி யாஸ்மா'தான். ஜிதேயில் அவரது வீடு இன்று அருங்காட்சியகம்.

வெள்ளம் எழுப்பிய கேள்விகள்

ஆகஸ்ட் 2021 வெள்ளத்தில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட போஸ்குர்ட், ஜிதேயைப் போலவே கஸ்தமோனுவின் கரையோரப் பகுதி. எசினே ஆற்றின் இரு கரையிலும் நெருக்கமாக எழுந்த அடுக்குமாடிகளுக்கு நடுவே ஆறு கால்வாயாகக் குறுகியிருந்தது. மலையிலிருந்து வந்த நீரோடு மரக்கட்டைகளும் வந்தன. வேரோடு சாய்ந்த மரங்கள் மட்டுமன்றி, ஆற்றோரம் அடுக்கி வைத்திருந்த வெட்டுமரங்களும் அவற்றில் இருந்தன. சினோப் மாகாணத்தின் அயன்ஜிக்கிலும் அதே கதை. கட்டைகள் பாலங்களில் சிக்கி அணைபோலத் தடுக்க, நீர் ஊருக்குள் திரும்பியது. மரங்களை எங்கே அடுக்குவது, ஆற்றின் வெள்ளப் படுகையில் கட்டடம் எழுப்ப யார் அனுமதித்தது என்ற கேள்விகள் நாடாளுமன்றம் வரை சென்றன. போஸ்குர்ட்டில் இடிந்த கட்டடங்கள் தொடர்பாக வழக்குகளும் தொடரப்பட்டன.

அடர்ந்த காடு இருந்தும் வெள்ளம் ஏன் என்று கேட்பது இயல்பு. காடு மழையைத் தாங்கி மெதுவாக இறக்கும். ஆனால் மண் ஏற்கெனவே நிறைந்திருக்கையில் ஒரே நாளில் பல நூறு மில்லிமீட்டர் கொட்டினால் அதற்கும் எல்லை உண்டு. இங்குள்ள ஆறுகள் நீளம் குறைந்தவை, சரிவு கூடியவை. மலையுச்சியில் பெய்த மழை சில மணி நேரத்தில் கடலோரத்துக்கு வந்துவிடும். சமதளமாக இருப்பதோ ஆற்று முகத்துவாரம் மட்டுமே. ஊர்களும் அங்கேதான் அமையும். ஜிதேவின் நிலையும் இதுவே. மலைச்சரிவுக் கிராமங்கள் காலியாகும்போது, எஞ்சியோரும் விடுமுறைக்கு வீடு கட்ட விரும்புவோரும் அந்தச் சமதளத்தை நோக்கியே வருகின்றனர். கருங்கடல் நீரும் காற்றும் வெப்பமடைந்துவருவதால் இத்தகைய மழை அடிக்கடி வரக்கூடும் என்று வானிலை ஆய்வாளர்கள் எச்சரிக்கின்றனர்.

ஆண்டில் சில வாரங்கள் மட்டும் ஜிதே பழைய கூட்டத்தைக் காண்கிறது. பள்ளி விடுமுறையும் பெருநாளும் சேரும்போது இஸ்தான்புல் எண்பலகை தாங்கிய கார்கள் மலைப்பாதையில் வரிசைகட்டுகின்றன. பூட்டிய வீடுகள் திறக்கப்படுகின்றன, கூரைகள் செப்பனிடப்படுகின்றன, திருமணங்கள் நடக்கின்றன. செப்டம்பர் 1 அன்று அரசின் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குக் கிளம்பும் நேரத்தில், பள்ளி திறப்பை முன்னிட்டு அந்தக் கார்கள் திரும்பிப் போகத் தொடங்கியிருக்கும்.